பதின்வயதின் முதல் காதலும் அதை வீட்டில் சொல்வதும்: திரையிடலுக்குப் பின் அடிக்கடி வரும் கேள்விகள்

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளைக்கு இந்தப் பக்கம், மார்த்தாண்டம் போகும் வழியில், ஒரு பழைய வாசகசாலையின் மாடியில் நாங்கள் சிலர் சேர்ந்து படம் போடுகிறோம். பையனுக்குப் பையன் மேலும் பெண்ணுக்குப் பெண் மேலும் வரும் முதல் காதல், அதை வெளியே சொல்வது, சொல்ல முடியாமல் போவது என்று ஒரு வரிசையாக எடுத்து ஓட்டியபோது கேள்விகள் குவிந்துவிட்டன. படி இறங்கும்போது சில, பின்னிரவில் வாட்ஸ்அப்பில் பல. ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதி மாளவில்லை, அதனால் மொத்தமாக இங்கே. படங்களின் முடிவைச் சொல்லித்தான் பேசியிருக்கிறேன். முடிவு தெரிந்தால் படம் கெட்டுவிடும் என்பவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

காதல் எல்லாம் காதல்தானே, இதற்கு மட்டும் தனி வரிசை எதற்கு?

காதல் ஒன்றுதான், அதற்குப் பிறகு நடப்பது வேறு. பத்தாம் வகுப்புப் பையன் ஒருத்தி பின்னால் சைக்கிளை மிதித்தால் கூட்டாளிகள் ஓட்டுவார்கள், வீட்டில் தெரிந்தால் அடி விழும். ஆனாலும் தனக்கு என்ன ஆயிற்று என்பது அவனுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதற்குப் பாட்டு இருக்கிறது, வசனம் இருக்கிறது. ஒரே பெஞ்சில் பக்கத்தில் உட்காருகிறவன் மேல் அது வந்துவிட்டால் முதலில் தனக்குத் தானே சொல்லிக்கொள்ள வேண்டும். அப்புறம் அவனிடம், அப்புறம் வீட்டில். மூன்று இடத்திலும் வாய் திறக்காமல் இருக்கவும் வழி உண்டு, அதைத்தான் பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள். இந்தப் படங்கள் நிற்பது அங்கேதான்.

பள்ளிக்கூடக் காதலுக்குத் தமிழ்ப் படத்தில் பஞ்சமே இல்லை. உங்கள் வரிசையில் ஒரு தமிழ்ப் படம்கூட இல்லையே?

நியாயமான குறை. பாரதிராஜாவின் ‘அலைகள் ஓய்வதில்லை’ 1981இல் வந்தது. நமக்குப் பக்கத்து முட்டம் கடற்கரையில் எடுத்த படம். அந்தப் பாறையைக் காட்டி இன்றைக்கும் பெருமை பேசுகிறோம். கடைசியில் பையன் பூணூலை அறுக்கிறான், பெண் சிலுவையைக் கழற்றுகிறாள். அதே ஆண்டு ‘பன்னீர் புஷ்பங்கள்’ ஊட்டிப் பள்ளிக்கூடத்துக்குப் போனது. 2004இல் ‘காதல்’ சாதியின் முன்னால் ஒரு பள்ளி மாணவியையும் ஒரு மெக்கானிக்கையும் நிறுத்தியது. வயசுக் காதலைத் தமிழ் சினிமா எப்போதுமே ஒரு மதிலுக்கு எதிரில் வைத்துத்தான் பார்த்திருக்கிறது: மதம், சாதி, பணம். மதிலுக்கு அந்தப் பக்கம் நிற்பது எதிர்ப்பாலாகத்தான் இருக்கும் என்பதில் யாருக்கும் சந்தேகமே வந்ததில்லை.

தன்பாலீர்ப்பு திரைக்கு வந்தபோதும் சிரிப்புக்கு வந்தது, இல்லையென்றால் பயமுறுத்த வந்தது. 2006இன் ‘வேட்டையாடு விளையாடு’ படத்தில் கொலைகாரர்கள் இருவருக்கும் இடையிலான உறவு அவர்களுடைய வக்கிரத்துக்கு இன்னொரு சாட்சியாகத்தான் வைக்கப்பட்டது. தியேட்டரில் அந்த இடத்தில் எழுந்த விசிலைக் கேட்டுக்கொண்டு ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நடுவில் உட்கார்ந்திருந்தால் அவன் என்ன முடிவுக்கு வந்திருப்பான்? ‘நட்சத்திரம் நகர்கிறது’ (2022) வந்தபோது காற்று கொஞ்சம் மாறியது. ஒரு நாடகக் குழுவுக்குள் தன்பால் ஜோடிகளும் சாதாரணமாகக் கூடப் பேசிக்கொண்டு, சண்டை போட்டுக்கொண்டு இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் வளர்ந்தவர்கள். பள்ளிச் சீருடைக்குள் நடக்கும் கதைக்கு நாங்கள் மலையாளத்துக்கும் வெளிநாட்டுக்கும்தான் போக வேண்டியிருந்தது.

திருநங்கைகளைப் பற்றிய படங்களும் இதில் சேருமா?

உறவுக்காரக் கதை, ஆனால் அதே கதை அல்ல. யாரை விரும்புகிறேன் என்பது ஒன்று, நான் யார் என்பது இன்னொன்று. ‘பாவக் கதைகள்’ (2020) தொகுப்பில் சுதா கொங்கரா எடுத்த ‘தங்கம்’ இரண்டையும் ஒரே உடம்பில் வைத்துப் பேசுகிறது. சத்தார் தன்னைப் பெண்ணாக உணர்கிறாள், சின்ன வயதுத் தோழன் மேல் உயிரை வைத்திருக்கிறாள். காளிதாஸ் ஜெயராமின் நடிப்பு நன்றாகவே இருக்கிறது. என் சங்கடம் முடிவில்தான். நம்மை அழவைக்க அவள் செத்துத்தான் ஆக வேண்டுமா?

மலையாளத்தில் மட்டும் எப்படி முன்பே வந்தது?

முன்பே வந்தது என்பது உண்மை, நல்லபடியாக வந்தது என்று சொல்ல மாட்டேன். 1978இல் மோகன் இயக்கிய ‘ரண்டு பெண்குட்டிகள்’ வி.டி. நந்தகுமாரின் நாவலிலிருந்து பிறந்தது. நாவல் நன்றாகப் படிக்கிற பழக்கமும், அதை உடனே படமாக்குகிற பழக்கமும் அங்கே சேர்ந்திருந்தன. காரணம் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை என்றே நினைக்கிறேன்.

நின்று பேச வேண்டிய படம் பத்மராஜனின் ‘தேசாடனக்கிளி கரையாறில்லா’ (1986). நிம்மி, சாலி என்று இரண்டு பள்ளி மாணவிகள், நடித்தவர்கள் கார்த்திகாவும் ஷாரியும். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போன இடத்தில் கூட்டத்திலிருந்து நழுவி ஓடிவிடுகிறார்கள். ஒருத்திக்கு மோகன்லாலின் பாத்திரத்தின் மேல் மனம் சாய்கிறது, அவனோ அவர்களுடைய டீச்சரை விரும்புகிறான். படம் ஒரு இடத்திலும் அந்த இருவருக்கும் இடையில் இருப்பதற்குப் பெயர் வைப்பதில்லை. பெயர் தேவையும் இல்லை. நிம்மி அவனைப் பற்றிப் பேசும்போதெல்லாம் சாலியைப் பாருங்கள். பொறாமை, பயம், தோழியைக் கெட்டிக்காரத்தனமாகத் தடுத்துவிட வேண்டும் என்ற அவசரம், எல்லாம் அந்த முகத்தில் வந்து போகும். கடைசியில் இருவரும் உயிரோடு இல்லை.

பத்மராஜன் அவர்கள் மேல் இரக்கத்தோடுதான் எடுத்திருக்கிறார். ஆனாலும் அந்த முடிவு ஒரு தலைமுறைக்கு வழக்கமாகிப்போனது. இப்படிப்பட்ட இரண்டு பெண்கள் கதையில் வந்தால் கடைசி ரீலில் சாவு என்பது எழுதப்படாத சட்டம்.

அதை உடைத்தது லிஜி ஜே. புல்லாப்பள்ளியின் ‘சஞ்சாரம்’ (2004). கிரண் இந்துப் பெண், டெலைலா கிறிஸ்தவப் பெண், கிராமத்தில் ஒன்றாக வளர்ந்தவர்கள். டெலைலா மேல் ஆசைப்படும் ஒரு பையனுக்காகக் கிரண் காதல் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள். கடிதத்தில் இருப்பது அவளுடைய சொந்த மனசு, கையெழுத்து மட்டும் அவன் பெயரில். பள்ளியில் கூட்டாளிக்காகக் கடிதம் எழுதிக் கொடுத்தவர்கள் எங்கள் கூட்டத்தில் நிறைய பேர் இருந்தார்கள், அந்தக் காட்சியில் ஒருவரும் அசையவில்லை. விஷயம் வெளியே வந்து டெலைலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகிறது. கிரண் சாவின் விளிம்பு வரை போய் நிற்கிறாள், நின்றுவிட்டுத் திரும்பி வருகிறாள். படமாகப் பார்த்தால் சில இடங்களில் நாடகத்தனம் உண்டு, பின்னணி இசையும் கொஞ்சம் அதிகம். அந்தத் திரும்பி வருதலுக்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளலாம்.

கீது மோகன்தாஸின் ‘மூத்தோன்’ (2019) லட்சத்தீவில் இரண்டு இளைஞர்களுக்கு நடுவில் நடப்பதை மிக அழகாக எடுத்திருக்கிறது. ஒருவனுக்குப் பேச வராது, நடித்தவர் ரோஷன் மேத்யூ. பேச முடியாதவனிடம்தான் நிவின் பாலியின் அக்பர் பயமில்லாமல் மனசைத் திறக்கிறான். அதிலும் கடைசியில் ஒரு சாவு இருக்கிறது. முன்பே சொல்லிவிடுகிறேன்.

இது இப்போது வெளிநாட்டிலிருந்து வந்த ஃபேஷன் என்கிறார்களே?

ஜெர்மனியில் ‘மெட்ஷென் இன் யூனிஃபார்ம்’ வந்தது 1931இல். தமிழில் முதல் பேசும்படம் ‘காளிதாஸ்’ வந்த அதே ஆண்டு. பெண்கள் விடுதிப் பள்ளி, திரையில் ஒரு ஆண்கூடக் கிடையாது. மனுவேலா என்ற மாணவி பள்ளி நாடகம் முடிந்த உற்சாகத்தில், பானம் கொஞ்சம் தலைக்கேறி, ஆசிரியை மேல் தனக்கு இருக்கும் காதலை எல்லோர் முன்னாலும் உரக்கச் சொல்லிவிடுகிறாள். தலைமையாசிரியை தண்டிக்கிறாள். பெண் மாடிப்படியின் உச்சியிலிருந்து குதிக்கப் போகிறாள். தோழிகள் ஓடிவந்து இழுத்துப் பிடிக்கிறார்கள். 1931இல் பிடித்திழுக்கத் தோழிகள் இருந்தார்கள், 1986இல் இல்லை.

வெளியே சொல்லும் காட்சியை எப்படி எடுத்தால் நல்ல படம் என்பீர்கள்?

இந்த வரிசையில் எங்களுக்குள் அதிகம் சண்டை நடந்தது இதில்தான். என் கட்சி இதுதான்: சொல்பவர் வாயைவிடக் கேட்பவர் முகத்தைக் காட்டத் தெரிந்த படமே நல்ல படம். சொல்வது எல்லாப் படத்திலும் ஏறத்தாழ ஒரே வாக்கியம்தான். கேட்பவருக்கு அந்த நிமிடத்தில் என்ன ஆகிறது என்பது வீட்டுக்கு வீடு வேறு.

‘மூன்லைட்’ (2016) எடுத்துக்கொள்ளுங்கள். ஊரில் தன்னைத் திட்டும் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு சிறுவன் சாப்பாட்டு மேசையில் கேட்கிறான். ஹுவான் என்ற மனிதர், ரத்த சம்பந்தம் எதுவும் இல்லாதவர், பதறாமல் பதில் சொல்கிறார். நான் அப்படியா என்று பையன் கேட்கும்போது இப்போதே தெரிந்தாக வேண்டியதில்லை என்ற தொனியில் விடுகிறார். சரி, நல்லவர் என்று நாம் நினைத்து முடிப்பதற்குள் பையன் அடுத்ததைக் கேட்கிறான்: நீ போதை மருந்து விற்கிறாயா, என் அம்மா அதை வாங்குகிறாளா? ஹுவான் தலை கவிழ்கிறார். அன்பாகக் கேட்கத் தெரிந்தவரும் அந்தப் பையனின் வீட்டைக் கெடுத்தவரும் ஒரே ஆள். ஆஸ்கரில் சிறந்த படமானதற்கு இந்த ஒரு மேசை போதும்.

‘கால் மி பை யுவர் நேம்’ (2017) படத்தில் அப்பா சோபாவில் உட்கார்ந்து பேசும் நீண்ட பேச்சை எல்லோரும் பகிர்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும், நம்பிக்கைதான் வரவில்லை. இத்தாலியில் பங்களா, பேராசிரியர் வேலை, மேசை நிறையப் பழம். விடியற்காலம் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு ரப்பர் பால் வெட்டப் போகிற அப்பா அப்படிப் பேச மாட்டார். பேசாமலே வேறு ஏதாவது செய்வார். அதைக் காட்ட நமக்கு இன்னும் படம் வரவில்லை.

கிட்டத்தில் வந்தது ஜியோ பேபியின் ‘காதல் – தி கோர்’ (2023). பதின்வயதுக் கதை அல்ல, நடுவயது தாண்டிய மாத்யூ, மம்மூட்டி. பஞ்சாயத்து இடைத்தேர்தலில் நிற்கும் நேரத்தில் மனைவி ஓமனா, ஜோதிகா, விவாகரத்துக் கேட்கிறாள். வரிசைக்கு இதை எடுத்ததே அந்த அப்பாவுக்காகத்தான். மகன் யார் என்று அவருக்கு எப்போதோ தெரியும், தெரிந்தே கல்யாணம் செய்து வைத்தவர். எங்கள் திரையிடலுக்கு வந்த ஒரு பாட்டி, அண்டி ஆபீசில் முந்திரி உடைத்து ஓய்ந்தவர், படம் பாதி ஓடும் முன்னே பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னார்: “அப்பனுக்கு எல்லாம் நேரத்தே தெரியும் மக்கா. தெரியாதது போல இருக்காரு.” அந்தக் கிழவர் அதுவரை ஏறத்தாழ வாயே திறக்கவில்லை. பாட்டி எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்று கேட்டதற்கு, “மகனை நேரே பாக்கல்லியே” என்றார்.

நம்ம ஊரில் பையன்கள் தோளில் கை போட்டுக்கொண்டுதான் நடப்பார்கள். இந்தப் படங்கள் அதையும் சந்தேகப்பட வைக்காதா?

ஒரு டீச்சர் கேட்டது. அவருக்கான பதில் ‘க்ளோஸ்’ (2022). பெல்ஜியத்துக்காரர் லூக்காஸ் டோண்ட் எடுத்தது, கான் விழாவில் கிராண்ட் ப்ரீ வாங்கியது. லியோ, ரெமி, இருவருக்கும் 13 வயது. ஒரே கட்டிலில் தூங்குவார்கள், பூந்தோட்டத்தில் ஓடுவார்கள். புதிய பள்ளியில் முதல் நாட்களிலேயே ஒரு பெண் சும்மா கேட்கிறாள்: நீங்கள் ஜோடியா? அவ்வளவுதான். லியோ மெல்ல விலக ஆரம்பிக்கிறான், ஐஸ் ஹாக்கி அணியில் சேர்கிறான், மற்ற பையன்கள் மாதிரி நடக்கப் பழகுகிறான். ரெமி அதைத் தாங்கவில்லை. அது காதலா நட்பா என்று படம் கடைசி வரை சொல்வதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தோளிலிருந்து கையை எடுக்கவைத்தது கேலிக்குப் பயந்த பயம். அந்தப் பயம் இல்லாத இடத்தில் எல்லாப் பையன்களும் இன்னும் தாராளமாகத் தோளில் கை போடலாம். இதைப் பிள்ளைகளுக்குக் காட்டும் முன் பெரியவர் ஒருவர் முழுதாகப் பார்த்துவிடுங்கள், உள்ளே தற்கொலை இருக்கிறது.

படம் பார்த்து என் பிள்ளை அப்படி ஆகிவிட்டால்?

ஆகாது. முட்டத்துப் படம் பார்த்தவர்கள் எல்லாம் மதம் விட்டுக் கல்யாணம் செய்திருந்தால் நம் மாவட்டமே வேறு மாதிரி இருந்திருக்கும். உலக சுகாதார நிறுவனம் தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து 1990 மே 17 அன்று எடுத்துவிட்டது. இது நோயல்ல என்று இந்திய மனநல மருத்துவர் சங்கமும் 2018இல் சொல்லிவிட்டது.

ஜெபம் பண்ணினால், கவுன்சலிங் கொடுத்தால் மாறும் என்கிறார்கள்.

பிள்ளைக்காக ஜெபம் பண்ணுவதை யாரும் தடுக்கவில்லை. பிள்ளையை மாற்ற என்று கூட்டிப்போய் உட்காரவைப்பது வேறு. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021 ஜூன் 7 அன்று கொடுத்த உத்தரவு, தன்பாலீர்ப்பை மருத்துவத்தால் மாற்றும் முயற்சிகளைத் தடை செய்யச் சொன்னது. அதைத் தொடர்ந்து 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் அப்படிச் செய்வது டாக்டருக்குத் தொழில் ஒழுங்கீனம் என்றது. அந்தத் தீர்ப்பைத் தேடிப் படியுங்கள். தனக்கு இதெல்லாம் முன்பு தெரியாது, கற்றுக்கொள்ள மனநல நிபுணரிடம் போய் உட்கார்ந்தேன் என்று நீதிபதியே அந்த வழக்கில் எழுதியிருக்கிறார். கேட்பவர் முகம் மாறுகிற காட்சிக்கு அதைவிட நல்ல திரைக்கதை எனக்குத் தெரியாது.

சட்டம் என்ன சொல்கிறது? எல்லைக்கு அந்தப் பக்கம் வேறு, இந்தப் பக்கம் வேறா?

இரண்டு பக்கமும் ஒன்றுதான். தன்பால் உறவைக் குற்றமாக்கிய, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377ஆவது பிரிவை வயது வந்தவர்களின் சம்மதமான உறவுக்குப் பொருந்தாதபடி உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்று வெட்டிவிட்டது. கல்யாணத்துக்கான உரிமையை 2023 அக்டோபர் 17 அன்று தர மறுத்தது. 18 வயது முடிந்த இரண்டு பெண்கள் சேர்ந்து வாழக் கேரள உயர் நீதிமன்றம் 2022இல் வழிவிட்டது. சென்னை உயர் நீதிமன்றமும் 2025இல் அதே திசையில், கல்யாணம் ஒன்றுதான் குடும்பத்துக்கு வழி என்றில்லை என்றது. பதினெட்டுக்குக் கீழே என்றால், பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் இருக்கிறது. அதன் கண்ணில் சிறுவர் சம்மதம் என்று ஒன்று இல்லை, ஆண்-பெண் ஜோடிக்கும் அதே கணக்குதான். திரையில் பதினாறு வயதுக்காரர்கள் செய்வதைப் பார்த்து யாரும் சட்டத்தை ஊகிக்க வேண்டாம்.

எந்த வயதுப் பிள்ளைக்கு எதைக் காட்டலாம்?

தணிக்கைச் சான்றிதழில் இப்போது யுஏ 7+, யுஏ 13+, யுஏ 16+ என்று பிரித்துத் தருகிறார்கள். அதைப் பாருங்கள். ‘ஏ’ படத்துக்கு நாங்கள் பதினெட்டுக்குக் கீழே யாரையும் மாடி ஏற விடுவதில்லை, கூட வருவது சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும்.

எனக்குப் பதினாறு வயது. படத்தில் வருவது போல நானும் வீட்டில் சொல்லிவிடவா?

இந்தக் கேள்வி நள்ளிரவில்தான் வருகிறது, அதனால் கொஞ்சம் நீளமாக.

மக்கா, படத்துக்குக் கிளைமாக்ஸ் வேண்டும், அதனால் அங்கே எல்லோரும் சொல்கிறார்கள். உனக்கு அந்தக் கட்டாயம் இல்லை. சொல்லாமல் இருப்பது பொய் சொல்வதாகாது. சொல்வதற்கு முன் சில சில்லறை விஷயங்களைப் பார்த்துக்கொள்: படிப்புச் செலவு யார் கையில், கோபத்தில் வீட்டை விட்டுப் போகச் சொன்னால் அன்று ராத்திரி எங்கே தங்குவாய், உன் போனை யார் யார் எடுத்துப் பார்ப்பார்கள். சினிமாவில் இதெல்லாம் வெட்டிவிடுவார்கள். முதல் ஆளாக அப்பாவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதும் இல்லை. ஒரு அத்தை, ஒரு அக்கா, ஒரு டீச்சர், யாரோ ஒருவர். வேறு யாரையாவது பற்றி ஊர் பேசும்போது அவர் எப்படிப் பேசுகிறார் என்று கவனித்தாலே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

உன்னைப் பற்றி உனக்கு முன்னால் வேறொருவன் போய்ச் சொல்லிவிட்டால் அது உன் தப்பில்லை. ‘சஞ்சாரம்’ படத்திலும் அப்படித்தான் கதை கையை மீறிப் போகிறது.

மனசு மிகவும் கனத்தால் 14416க்கு அழை, அரசின் மனநல உதவி எண், டெலி மானஸ் என்று பெயர், தமிழிலும் பேசுவார்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்தால் கேரளத்தின் திசா 1056. வீட்டில் அடி, அடைத்து வைப்பது, கட்டாயக் கல்யாணம் என்றால் சிறுவர் உதவி எண் 1098. சென்னையில் ஓரினம், கேரளத்தில் குயிரளா, பெண்களுக்குச் சகயாத்ரிகா என்று பல வருடமாக இயங்கும் குழுக்கள் இருக்கின்றன.

என் மகள் சொல்லிவிட்டாள். நான் கத்திவிட்டேன். இப்போது என்ன செய்ய?

ஒரு அம்மா கேட்டது. அன்றைக்குக் கத்தியதோடு கதை முடிந்துவிடவில்லை. சாப்பிட வா என்று கூப்பிடுங்கள். அவள் சொன்னதை அவளைக் கேட்காமல் நாத்தனாரிடமோ போதகரிடமோ கொண்டுபோக வேண்டாம். கேள்வி கேட்க வாய் வரவில்லை என்றால் அவளோடு உட்கார்ந்து ஒரு படம் பாருங்கள். பேச வேண்டியதில்லை, திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

இந்தப் படங்களை எங்கே பார்ப்பது?

புதியவை பெரும்பாலும் ஓடிடியில் கிடைக்கும், தளம் மாறிக்கொண்டே இருப்பதால் பெயர் போடவில்லை. டிசம்பரில் திருவனந்தபுரத்தில் கேரள சர்வதேசத் திரைப்பட விழா நடக்கும். களியக்காவிளையில் பஸ் ஏறினால் தம்பானூர், இறங்கினால் கைரளி, ஸ்ரீ, நிளா தியேட்டர்கள் நடக்கும் தூரம். வரிசையில் நிற்கத் தெம்பு வேண்டும்.

அடுத்து என்ன போடுகிறீர்கள்? இதிலும் அழ வேண்டுமா?

இல்லை. லூக்காஸ் மூடிசன் 1998இல் எடுத்த ஸ்வீடன் படம், வெளிநாடுகளில் ‘ஷோ மீ லவ்’ என்ற பெயரில் ஓடியது. ஒன்றும் நடக்காத சின்ன ஊர், சலிப்பில் சாகும் எலின், அவளை விரும்பும் ஆக்னஸ். கடைசியில் இருவரும் பள்ளிக் கழிப்பறைக்குள், வெளியே மொத்தப் பள்ளியும் கூடி நிற்கிறது. உள்ளே பையன் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கதவு திறக்கிறது, இருவரும் கூட்டத்தின் நடுவே நடந்து போகிறார்கள். அடுத்து வீட்டில் உட்கார்ந்து சாக்லேட் பால் குடிக்கிறார்கள். பாலில் சாக்லேட் பொடி தனக்கு எப்போதுமே அதிகமாகிவிடுகிறது என்று எலின் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறாள். யாரும் சாகவில்லை. தமிழ் வசன வரிகளை நாங்களே தட்டச்சு செய்துகொண்டிருக்கிறோம், கை கொடுக்க ஆள் தேவை. மாடியில் நாற்காலி பத்தாது, முடிந்தால் பாய் கொண்டுவாருங்கள்.